கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

கற்றாழை வாடினால் உடனே தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் மடலைத் தொட்டுப் பாருங்கள். மெலிந்து, ஓரம் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது தாகம். அடிமடல் கொழகொழவென்று நீர்கோத்துக் கிடந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அதற்கு மேலும் ஊற்றினால் செடியே போய்விடும். பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இந்தச் செடி மேல் எனக்குத் தனிப் பிரியம். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். நீரை அவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கும் செடிக்குத் தினமும் தண்ணீர் எதற்கு? மேல்மண் 2 அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

நிழலில் இருந்ததைச் சட்டென்று உச்சி வெயிலுக்கு மாற்றாதீர்கள், மடல் செம்பழுப்பாகிவிடும். பக்கக் கன்றுகள் நாலைந்து மடல் விட்டதும் வேரோடு பிரித்து நடலாம். அப்புறம் ஒன்று: மடலை வெட்டியதும் கசியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே உள்ளே இருக்கும் வழுவழுப்பான சோற்றை எடுங்கள். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.