பால் கவரும் ஒரு புதிய பீக்கும்

ஜூலை 3

யஷ்வந்த்பூர் அறையில் காலையிலிருந்து பால் கவர் கத்தரித்துக்கொண்டிருக்கிறேன். அச்சு மை படாத ஓரமாகப் பார்த்து, விரல் அகலப் பட்டைகள். இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்புறம் நடுவில் ஓரிடம் சட்டென்று இடுப்புபோல ஒடுங்கும். அந்த ஒடுக்கம் இரண்டு பக்கமும் பரவி, கவர் வெளுத்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் விரல்தான் வலிக்கும்: உள்ளே பாலிஎதிலீன் சங்கிலிகள் இழுத்த பக்கம் திரும்பி நின்றுவிட்டன.

அம்மா போனில், “பால் கவரைத் தூக்கிக்கிட்டா இந்தூர் வரைக்கும் போற?” என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 5

பக்கத்து அறை மதுரை அண்ணன், “உங்க லேப்லயே எக்ஸ்ரே மெஷின் இருக்கேப்பா?” என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் நல்ல படம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் கேட்கும். உருகிய கவரை நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஆறவிட்டால், சங்கிலிகள் மடிந்து தகடு தகடாக அடுக்கிக்கொள்வதில் பெரும்பகுதி ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். முகூர்த்தம் முடிந்து பந்தி எழுந்த பிறகு கேமரா வந்த கதைதான்.

அதனால்தான் இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 என்ற எக்ஸ் கதிர் நிலையம். 172.5 மீட்டர் சுற்றளவு வளையத்தில் 2.5 ஜிஇவி (250 கோடி எலக்ட்ரான்-வோல்ட்) ஆற்றலோடு ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போதெல்லாம் எக்ஸ் கதிர் கொட்டுகிறது; கவர் ஆறும் வேகத்துக்கே படம் எடுத்துவிடலாம்.

ஜூலை 19

திரும்பியாயிற்று. மூன்று இரவு தூக்கமில்லை, அதில் எழுத ஒன்றுமில்லை.

இழுக்காத கவரில் பட்டுச் சிதறிய கதிர், படத்தில் ஏறக்குறைய முழு வளையங்களைத் தந்தது. இழுத்ததில் அவை உடைந்து வில் துண்டுகளாகிவிட்டன. நான் இழுத்தது மேலும் கீழும். துண்டுகள் விழுந்தது இடமும் வலமும். என் விரல் செய்த வேலையைத் திரையில் பார்க்கக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஜூலை 22

உருக்கி ஆறவைத்த வரிசையில், தகடுகளின் இடைவெளியைக் காட்டும் பீக் (சிதறிய கதிரின் வரைபடத்தில் எழும் மேடு) தவிர இன்னொன்றும் தெரிகிறது. சுமார் 1.5 நானோமீட்டர். பாலிஎதிலீனில் இதை யாரும் சொன்னதாகப் படித்ததில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

ஜூலை 23

மேடம் அரை நிமிடம் பார்த்தார். “140 டிகிரில எடுத்ததைப் போடுங்க.”

போட்டேன். அந்தச் சூட்டில் கவர் முழுக்க உருகிப்போயிருக்கும். தகடு பீக் காணோம், படிக வளையங்கள் காணோம். என் புதிய பீக் மட்டும் இம்மி நகராமல் அதே இடத்தில்.

“உருகினதை எதுல வச்சீங்க?”

கேப்டான் டேப்பில். சூடு தாங்கும் பிளாஸ்டிக் டேப் அது; 140-க்கெல்லாம் அசராது. சும்மா தொங்கவிட்டு எடுத்த இழுத்த பட்டைகளில் அந்தப் பீக் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. வெறும் டேப்பை ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால் கழித்துவிட்டிருக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கு, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டது நான்தான்.

ஜூலை 24

மழை. எங்கள் மெஷினில் வெறும் டேப்பை மாட்டியிருக்கிறேன். இந்தூரில் சில்வர் பெஹனேட்டையாவது (அடுக்கு இடைவெளி துல்லியமாகத் தெரிந்த ஒப்பீட்டுப் பொடி) மறக்காமல் எடுத்திருந்தேன், அதன் 5.838 நானோமீட்டரை வைத்து இந்தூர், எங்கள் மெஷின் இரண்டின் அளவுகோலையும் பொருத்திவிடலாம். ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்துத் தர்ஷினியில் காபி குடித்துவிட்டு வருகிறேன்.