ஆறு மணிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் படம் காட்டி "டயல் ஒரிஜினலா, பெயிண்ட் அடிச்சதா?" என்று கேட்பார்கள். படத்தில் கம்பெனி பெயர் மட்டும் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். ஆனால் மறுபடி பெயிண்ட் அடிப்பவர் தன் முழுக் கவனத்தையும் வைப்பதே அந்தப் பெயரில்தான், வாங்குகிறவர் கண் முதலில் அங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். கை தளர்வது அடியில், ஆறு மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டிய பொடி எழுத்தில்.

நான் ஏமாந்ததும் அங்கேதான். 1960களின் ஒமேகா ஒன்று, டயல் அவ்வளவு சுத்தமாக இருந்தது, அந்தச் சுத்தத்தைப் பார்த்தே வாங்கிவிட்டேன். அப்புறம் லூப்பில், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸில் பார்த்தால் 'ஸ்விஸ் மேட்' (Swiss Made) என்ற எழுத்து நிமிடக் கோடுகளின் மேல் ஏறி நிற்கிறது, கோடுகளும் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு, சில கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராகவே இல்லை. தொழிற்சாலை அச்சு லூப்பில் லேசாக மேடு தட்டி, ஓரம் கூர்மையாகத் தெரியும். இதில் மை கசிந்து எழுத்தின் மூலைகள் மழுங்கிப் போயிருந்தன. அன்று ரொம்ப வருத்தப்பட்டேன்.

பொடி எழுத்து இன்னொன்றும் சொல்லும். 1960களிலிருந்து 90கள் வரை இருட்டில் ஒளிர ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசிய ஸ்விஸ் டயல்களில் 'ஸ்விஸ் மேட்' என்பதன் இரு பக்கமும் 'டி' (T) என்ற எழுத்தைப் பார்க்கலாம். அந்த 'டி' இருந்தும் டயலிலோ முட்களிலோ ஒளிரும் பூச்சே இல்லையென்றால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். ட்ரிடியத்தின் வீரியம் 12 வருடம் சொச்சத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், அதனால் விளக்கைக் காட்டி எடுத்த பிறகும் வெகுநேரம் பிரகாசமாக ஒளிர்ந்தால் அது பின்னால் பூசியது. ஸெய்கோவில் வேலை இன்னும் சுலபம்: பின்மூடியில் மாடல் எண் 6105-8110 என்று இருந்தால் டயலின் அடியில் உள்ள நுண்ணிய எண்ணும் 6105 என்றே தொடங்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது பல முறை இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

விளிம்பில் சின்ன வெட்டு இருந்தால் மறுபூச்சு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பெயிண்ட் அடிக்கும்போது டயலை நேராகப் பிடிக்க அப்படி வெட்டுவது உண்மைதான், ஆனால் ஒரிஜினலிலும் சிலவற்றில் வெட்டு உண்டு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கறையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ரேடியம் பூசிய முட்கள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் டயலில் அவற்றின் நிழல் பழுப்பாகப் பதிந்துவிடும். மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் அது மறைந்திருக்கும், அதனால் அந்த நிழல் இருக்கும் டயலை நான் கூடுதலாக நம்புவேன். ஆனால் அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், அந்தத் தூசி உடம்புக்குள் போனால் ஆபத்து.

பெயிண்ட் அடித்த டயலை அப்படிச் சொல்லியே விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் விற்பவரிடம் ஆறு மணிப் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் வராவிட்டால் நான் வாங்குவதில்லை.