பெரிய தாத்தாவின் திதியைத் தேடி இம்பால் வரை

தாத்தாவின் அண்ணன் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1944-இல் இரண்டாம் உலகப் போரின் இம்பால் சண்டையில் இறந்தவர். இருபது வயது. சாவுச் செய்தி தந்தியாக வந்தது ஆடி மாதம். அந்தத் தந்தியையும் கரையான் அரித்துவிட்டது. இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் படைப்போம். அவருடைய ஒரே தங்கை எங்கள் அத்தைப்பாட்டி. தொண்ணூறு வயதாகியும் அவருக்கு மனசு ஆறவில்லை. "எரிச்சாங்களா, அப்படியே காட்டுல விட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

முதலில் இங்கே ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். ராணுவ எண் கொண்டுவாருங்கள் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார் அங்கிருந்த எழுத்தர். மூன்றாம் முறைதான், சுதந்திரத்துக்கு முந்தைய விவரம் தங்களிடம் கிடையாது என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நீங்கள் இப்படி அலையாதீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் நேராகத் தேடுங்கள், காசு கிடையாது. நம் ஆட்களின் பெயர் பெரும்பாலும் குடும்பப்பெயர் கட்டத்தில்தான் இருக்கும். எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. 'சாமி' என்று முடியும் பெயரை 'ஸ்வாமி', 'சௌமி' என்றெல்லாம் போட்டுப் பார்த்து நான்கு ராத்திரி வீணானது. கடைசியில் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டதும் கிடைத்துவிட்டார். அப்பா பெயர், ஊர், வட ஆற்காடு, ராணுவ எண், இறந்த தேதி எல்லாம் இருந்தது. மே மாதம் போன உயிருக்கு ஆடியில்தான் வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

2022 நவம்பரில் கிளம்பினேன். மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் வாங்க வேண்டிய அனுமதியான இன்னர் லைன் பெர்மிட் இம்பால் விமான நிலையத்திலேயே கிடைத்தது.

இம்பாலில் போர்க் கல்லறைகள் இரண்டு உண்டு, கவனம். ஆட்டோக்காரரிடம் பொதுவாகச் சொன்னதால் 1600 பேர் அடக்கமான பெரிய கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டார். வெயிலில் வரிசை வரிசையாகக் குனிந்து படித்தேன், நம் பெயர் ஒன்றும் தட்டுப்படவில்லை. அரை நாள் போன பிறகு, புல் வெட்டிக்கொண்டிருந்தவர்தான் இந்திய ராணுவக் கல்லறை வேறு இடம் என்று வழி சொன்னார். சண்டையில் இறந்து தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 868 பேருக்கான நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. படைப்பிரிவையும் பதவியையும் குறித்துக்கொண்டு போங்கள், தேடுவது சுலபம்.

பெயர் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன விபூதியை அதன்கீழ் வைத்துவிட்டுப் பாட்டிக்குப் போன் போட்டேன்.

"எரிச்சிருக்காங்க பாட்டி. முறைப்படிதான் எரிச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "என்னைக்கு கண்ணு?" என்றார்.

"வைகாசி, தேய்பிறை துவாதசி."

"புது வருசக் காலண்டர் வந்ததும் அந்த நாளைச் சுழிச்சுக் குடு" என்றார் பாட்டி.