ஒரு வட்டி, 26 சதவீதம்

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன். மூன்று வருஷம். "ஒரு ரூபாய் வட்டிதான் சார்" என்றார் ஏஜென்ட். நம் ஊரில் ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். அசலில் பாதியைக் கொடுத்துவிட்டால் வட்டியும் பாதியாகும், கடைத்தெரு வட்டிக்காரர்கூட அப்படித்தான் வாங்குவார். இவர்களுடையது ஃப்ளாட் ரேட். கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி. தவணை 11,333 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கைப் போட உதவியது கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கினேன். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியை மட்டுமாவது பாருங்கள், வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துச் சொல்வது அதுதான். எனக்கு வருஷத்துக்கு 26.2 சதவீதம். பிராசஸிங் கட்டணம் 3 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 10,620. "கடன் பாதுகாப்பு" என்ற அழகான பெயரில் காப்பீடு 9,000. அவசரம், வேறு வழியில்லை, வாங்கிக்கொண்டேன்.

கணக்கில் விழுந்தது 2,78,020. தாளின்படி 2,80,380 வந்திருக்க வேண்டும், 2,360 குறைவு. கேட்டால், "டாக்குமென்டேஷன் சார்ஜ் சார், எல்லாருக்கும் உண்டு" என்றார்கள். எல்லாருக்கும் உண்டென்றால் தாளில் ஏன் இல்லை? தாளில் காட்டாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதமில்லாமல் பிடிக்கக் கூடாது என்பது அதே ரிசர்வ் வங்கி விதி.

காப்பீட்டு விஷயம் முதலில் தீர்ந்தது. 30 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சான்றிதழிலேயே பொடி எழுத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்தேன், சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிட்டது.

அந்த 2,360 ரூபாய்க்குத்தான் அலைச்சல். கிளையில் வாய்வார்த்தையாகப் பேசிப் பயனில்லை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், கே.எஃப்.எஸ்., வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் இணைத்து. "நிறுவனக் கொள்கையின்படி" என்று ஒரு வரி பதில். நிராகரித்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். சி.எம்.எஸ். என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலையும் வந்த பதிலையும் ஏற்ற வேண்டும். வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் ஏற்ற என்ன இருந்திருக்கும்!

புகார் போன பிறகு ஏஜென்டின் குரலே மாறிவிட்டது. பணம் வந்தது, "நல்லெண்ண அடிப்படையில்" என்ற குறிப்போடு. பிடித்ததைத் திருப்பித் தருவதில் என்ன நல்லெண்ணமோ.

பிராசஸிங் கட்டணம் தாளில் இருந்ததால் அது போனது போனதுதான். சரி, கடனையே சீக்கிரம் அடைத்துவிடலாமென்று பார்த்தால், அதற்கும் மீதி அசலில் 4 சதவீதம், அப்புறம் ஜி.எஸ்.டி. அதுவும் தாளில் இருக்கிறது. இப்போதைக்குத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.