சோர்வுக்கு அமுக்கரா வாங்கும் முன்

எப்போதும் அசதியாக இருக்கிறது என்று சொன்னால் போதும், யாராவது ஒருவர் அசுவகந்தாவைச் சிபாரிசு செய்துவிடுவார். தமிழில் அமுக்கரா. இது காபி போல உசுப்பிவிடும் சரக்கு அல்ல. தாவரவியல் பெயரிலேயே ‘சோம்னிஃபெரா’ என்று இருக்கிறது; தூக்கம் தருவது என்று பொருள். மன அழுத்தமும் அரைகுறைத் தூக்கமும் சேர்ந்து தரும் களைப்புக்கு ஓரளவு கைகொடுக்கும். ரத்தசோகைக்கு இதைத் தின்று பயனில்லை.

ஆகவே முதல் செலவு ரத்தப் பரிசோதனைக்கு: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), பி12, சர்க்கரை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடக்கலாம். பலர் தவறவிடுவது இதைத்தான். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது என்பதால், சாப்பிட ஆரம்பித்த பிறகு எடுக்கும் ரிப்போர்ட் குழப்பும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மூலிகையை விட்டுவிட்டு ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) சோதனைக்குப் போவது நல்லது.

அடுத்து லேபிள். வேர்ப்பொடியும் எக்ஸ்ட்ராக்ட்டும் (செறிவாக்கிய சாரம்) ஒன்றல்ல. வேர்ப்பொடி என்றால் வழக்கமான அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். 500 மில்லிகிராம் வேர்ப்பொடி கேப்சூலில் தினம் ஒன்று போட்டுவிட்டு ‘ஒன்றும் வேலை செய்யவில்லை’ என்பவர், 3 கிராமுக்கே ஆறு கேப்சூல் வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை. எக்ஸ்ட்ராக்ட் என்றால் 300 முதல் 600 மில்லிகிராம்; அதில் அமுக்கராவின் முக்கியச் செயற்பொருளான விதனோலைடு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 600 மில்லிகிராமில் 30 மில்லிகிராம் விதனோலைடு. சதவீதமே போடாத டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம். ‘வேர்’ என்று தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இலையில், செல்களுக்கு நச்சாகக்கூடிய விதாஃபெரின் ஏ அதிகம். சித்த மருந்தான ‘அமுக்கரா சூரணம்’ தனி வேர்ப்பொடி அல்ல. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேர்ந்த கூட்டு மருந்து, சர்க்கரையும் உண்டு. நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின், பாலிலோ வெந்நீரிலோ. வெறும் வயிற்றில் குமட்டும். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு. பகலில் தூக்கம் தள்ளினால் இரவுக்கு மாற்றுங்கள். முதல் வாரம் பாதி அளவு, பிறகு முழு அளவு, மொத்தம் 8 வாரம். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள். முதல் நாளே துள்ளல் வந்தால் சந்தேகம் வர வேண்டும். காஃபீனோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம்.

கூடவே சிலாஜித், ச்யவனப்ராசம், திரிபலா என்று நான்கையும் ஒரே நாளில் தொடங்குவது பெரிய தவறு. எது உதவியது, எது அரிப்பைக் கொடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரும்பு மாத்திரையோடு திரிபலா எடுத்தால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உடம்புக்குத் தெம்பு என்று அதிமதுரத்தைத் தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் வகைகளை இணையத்தில் பார்த்து வாங்கவே கூடாது. சரியாகச் செய்யாததில் ஈயம் இருக்கலாம். ஈயமே ரத்தசோகையையும் சோர்வையும் உண்டாக்கும். கன உலோகச் சோதனை அறிக்கையை பேட்ச் எண்ணோடு தரும் தயாரிப்பையே வாங்குங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், தைராய்டு அதிகம் உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள் அமுக்கராவைத் தொடக்கூடாது. தூக்க மாத்திரை, தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படுவது உண்டு. உடம்பு அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ மூலிகை’ என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.