ஷார்ஜாவிலிருந்து வந்த குரல் கேசட்டுகள்: ஹெட் திருகும் ஆவணக் குறிப்பும்

பெரியப்பா 1980களில் ஷார்ஜாவிலிருந்து அப்பத்தாவுக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளில் மிகவும் அடம்பிடித்த ஒன்று, இந்த வாரம் சொல் சொல்லாகத் தெளிந்துவிட்டது. எந்த மென்பொருள் வடிகட்டியாலும் மீட்க முடியாத அந்தக் குரலை, கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் தாங்கும் ஒரு சிறு திருகு மீட்டுக் கொடுத்ததால், அந்தத் திருகைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் இத்தகைய கேசட்டுகள் இல்லாத வீடு குறைவு. தொலைபேசியில் பேச அதிகம் செலவானது. அப்பத்தாவுக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே விடுமுறையில் ஊருக்கு வரும் யாராவது ஒருவரிடம் கேசட் கொடுத்தனுப்பப்பட்டது. பெரியப்பாவின் கேசட்டுகள் பெரும்பாலும் பழைய பாட்டுக் கேசட்டுகளே. பதிவைத் தடுக்கும் ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டி, பாட்டை அழித்து, ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னின் உள்மைக் முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் பேச்சு முடியும் இடத்தில் பழைய பாட்டு நடுச்சரணத்திலிருந்து மீண்டும் எழுகிறது.

இனி அசிமுத், அதாவது நாடாவின் மேல் ஹெட் நிற்கும் கோணம். ஹெட்டின் முகப்பிலுள்ள நுண்ணிய இடைவெளி, நாடா ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட்டே சாய்ந்திருந்தால், நம் டெக்கின் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் குரல் முழுமையாக வெளிவரும். நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, அந்த வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.76 மைக்ரான்தான். பெரியப்பாவின் மோனோ இயந்திரம் 1.5 மி.மீ. அகலத்துக்கு ஒரே தடமாகப் பதிந்ததை, என் ஸ்டீரியோ டெக் 0.6 மி.மீ. அகலமுள்ள இரண்டு தடங்களாக, நடுவே 0.3 மி.மீ. விட்டுப் படிக்கிறது. அந்த இரு தடங்களின் மையங்களுக்கு இடையே 0.9 மி.மீ. தொலைவு இருப்பதால், ஹெட் வெறும் 0.15 டிகிரி சாய்ந்தாலே இரண்டையும் சேர்க்கும்போது 10 கிலோஹெர்ட்ஸ் முற்றிலும் அடித்துக்கொண்டு போய்விடும். மெய்யெழுத்துகளின் கூர்மை இருப்பதே அந்த உயர் அதிர்வெண்களில் என்பதால், உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சி, பேச்சு வெறும் முனகலாகிவிடுகிறது.

ஹெட்டின் இரு பக்கத் திருகுகளில் அடியில் சுருள்வில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. அதன் தலையிலிருக்கும் வார்னிஷ் பூட்டை நீக்கி, காந்தம் ஏறாத திருப்புளியால், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே மயிரிழை அளவுக்குத் திருப்ப வேண்டும். இரு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்பதே முதல் வழி. சகரம் எங்கே பளிச்சென்று வெட்டுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஆனால் காதை மட்டும் நம்பினால், ஒரு முழு அலைநீளம் தள்ளிப்போன இடத்திலும் ஒலி ஓரளவு பளிச்சிட்டு ஏமாற்றும். ஆகவே முதலில் தாழ்ந்த ஒலிகளைச் சமமாக்கிக்கொண்டு, பிறகே உயர்ந்த ஒலிகளுக்குப் போக வேண்டும். அதன்பின் சிறு துண்டைப் பதிந்து, ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் இரு சேனல்களின் அளவைச் சமப்படுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கலந்து பார்க்கிறேன். மூலம் மோனோ என்பதால், கோணம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து இரைச்சல் மட்டுமே மிஞ்ச வேண்டும். எஞ்சியதில் பேச்சு கேட்கும்வரை வேலை முடியவில்லை என்று பொருள்.

இந்தக் கேசட் அடம்பிடித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. முதல் பக்கத்தின் நடுவில், ஊருக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டு இயந்திரத்தில் அத்தை சிறிது நேரம் பேசிப் பதிந்திருக்கிறார். ஷார்ஜா இயந்திரத்தின் கோணம் ஒன்று, எங்கள் வீட்டு இயந்திரத்தின் கோணம் வேறொன்று. பெரியப்பாவுக்குப் பொருந்தும்போது அத்தை மங்குகிறார், அத்தை தெளியும்போது பெரியப்பா மங்குகிறார். ஒரே பக்கத்தை இரு கோணங்களில் தனித்தனியாக முழுவதும் ஓடவிட்டுப் பதிந்து, உரிய இடங்களில் வெட்டி இணைத்ததும்தான் இருவரும் ஒரே தெளிவில் பேசினார்கள். ஒரு கேசட்டுக்கு ஒரு கோணம் என்று நினைத்து வேலை செய்பவர்கள், குரல் கேசட்டுகளில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோணம் என்று கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வேகத்தைச் சரிபார்க்க மின்சார இரைச்சலே உதவியது. ஷார்ஜாவிலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால், என் டெக்கின் சொந்த இரைச்சல் 50இல் அசையாத கோடாக நிற்க, நாடாவில் பதிந்த இரைச்சல் 51.5 அருகே மெல்ல அலைகிறது. நாடா 3 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்ததும், பெரியப்பாவின் குரலில் இருந்த இயல்பற்ற மெலிவு நீங்கியது. பெரியம்மா கேட்டுவிட்டு, இதுதான் அவர் குரல் என்று உடனே சொன்னார்.

இரைச்சல் நீக்கியை மட்டும் நான் தொடுவதில்லை. டூ-இன்-ஒன்னில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று இருக்கும். பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது அளவைக் கூட்டி, அறையின் ஏசி ஓசையையும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இருமுவதையும், பாத்திரம் உருளுவதையும் மேலே கொண்டுவருகிறது. அந்த அறையைப் படமெடுத்தவர் யாருமில்லை. அதன் ஒரே பதிவு இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது அழிப்பதற்குச் சமம். மூலப்பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்து தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். டெக்கின் சொந்த இரைச்சல் குறைப்பான டால்பியின் பொத்தானையும் எப்போதும் அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

பொருட்களைப் பற்றிச் சிறிது. டெக்கின் பழைய பெல்ட் தார் போல இளகிக் கப்பிகளில் ஒட்டியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பொறுமையாகத் துடைத்தால் போய்விடும். புதிய பெல்ட்டுக்குச் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். மாடல் எண்ணைவிட பெல்ட்டின் உள்விட்டமும் தடிமனும் தெரிந்திருப்பது முக்கியம். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத்துண்டு பல கேசட்டுகளில் பசை விட்டு விழுந்திருக்கும். ஒட்டிமூடிய கேசட்டாக இருந்தால், ஐந்து திருகுகள் உள்ள பழைய பாட்டுக் கேசட்டின் கூட்டைக் காலி செய்து, நாடாச் சுருளை அதற்குள் மாற்றிவிடுவதே நல்லது. 120 நிமிடக் கேசட்டின் நாடா 9 மைக்ரான் தடிமன்தான் என்பதால் அதை வேகமாகச் சுற்றவே கூடாது.

இப்போது இணையத்தில் சேர்க்கும் கட்டம். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகத்தின் கம்யூனிட்டி ஆடியோ பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். ஃபிளாக் கோப்பை ஏற்றினால் எம்பி3 வடிவத்தை அதுவே உருவாக்கிவிடுகிறது. முகவரியில் வரும் அடையாளப் பெயருக்குத் தமிழ் எழுத்துகளை ஏற்பதில்லை; தலைப்பும் விளக்கமும் தமிழிலேயே இருக்கலாம். விளக்கத்தில் பேசுபவரின் உறவுமுறை, பதிந்த நகரம், தோராயமான ஆண்டு, கேசட்டின் வகை, நான் செய்த வேகத் திருத்தம், இணைத்த இடங்களின் நேரம் ஆகியவற்றை எழுதுகிறேன். இவை இல்லாத ஒலிக்கோப்பு, இரண்டு தலைமுறை கழித்துக் கேட்பவருக்கு யாரோ ஒருவரின் பேச்சாகிவிடும். அந்த ஆர்க்கைவே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. ஆகவே வேறு வேறு வீடுகளில் இரண்டு வன்தட்டுகளிலும் பிரதி இருக்க வேண்டும் என்பதில் நான் தளர்வு காட்டுவதில்லை.

எல்லாவற்றையும் ஊரறிய வைக்கவும் முடியாது. நகை அடகு வைத்தது, யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பவையெல்லாம் கேசட்டில் இருக்கின்றன. பேசப்பட்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். பெரியம்மாவும் அத்தையும் முழுவதும் கேட்டு, எது போகலாம் என்று சொன்ன பிறகே பொதுப்பிரதியைத் தயாரித்தேன். வெட்டிய இடங்களில் அமைதியை விட்டு, எத்தனை வினாடி நீக்கப்பட்டது என்று விளக்கத்தில் குறித்திருக்கிறேன். இறுதியில் எழும் பாட்டையும் காப்புரிமை கருதி நீக்கியாயிற்று. வீட்டுப் பிரதியில் அது அப்படியே இருக்கும்.

அப்பத்தா பதில் பேசி அனுப்பிய கேசட்டுகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. அதற்குள் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் தம்மாம் கேசட்டுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அவற்றில் இரைச்சல் கோட்டை 60 அருகே தேட வேண்டும். பேச்சை நேரக் குறிப்போடு எழுத்தில் பெயர்த்து, உரைக்கோப்பாக ஒலியோடு சேர்ப்பதே அடுத்த வேலை. பெரியப்பாவின் வட்டார வழக்கை எழுத்துத்தமிழாகத் திருத்தாமல், அவர் சொன்னபடியே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.