கரை விக்டோரியா, தண்ணீர் வேறு மாநிலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவில், எச்சூகா ஊரில் முர்ரே ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மீன்வள அதிகாரி ஒருவர் வந்து உரிமம் கேட்டார். விக்டோரியா மாநில உரிமத்தை எடுத்து நீட்டினேன். என் வீடு விக்டோரியா, உட்கார்ந்திருந்த கரையும் விக்டோரியாதான். அவர் தன்மையாகத்தான் சொன்னார்: "உங்கள் தூண்டில் கிடக்கிற தண்ணீர் நியூ சவுத் வேல்ஸ். இது செல்லாது." எச்சரித்து விட்டுவிட்டார், ஆனாலும் சுருக்கென்றது.

எனக்குப் பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல்லில் இந்தக் கரை நாம், அந்தக் கரை கர்நாடகம். ஆறு எல்லை என்றால் நடுவில் கோடு, ஆளுக்குப் பாதி என்றே நினைத்து வளர்ந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நியூ சவுத் வேல்ஸிலிருந்து விக்டோரியாவைத் தனியாகப் பிரிக்க, 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம் முர்ரேயை எல்லை என்றது. ஆற்றில் எந்த இடம் எல்லை? அதில் குழப்பம் வந்தது. 1855இல் இன்னொரு சட்டம் போட்டு, ஆற்றின் நீரோட்டம் முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்கே என்று எழுதிவிட்டார்கள். இது பழங்கதை இல்லை. விக்டோரியா பக்கமான தெற்குக் கரை மேட்டில் நின்று ஒருவன் சுட, கீழே தண்ணீர் ஓரம் இருந்தவர் இறந்துபோனார். விக்டோரியாவில் தண்டனையும் கொடுத்தாயிற்று. அப்புறம் 1980இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், கரை மேட்டின் விளிம்புதான் எல்லை, குற்றம் நடந்தது நியூ சவுத் வேல்ஸில், விக்டோரியா விசாரித்ததே செல்லாது என்றது.

எனக்கு ஆற்றாமை இதில்தான்: இங்கே இரண்டு கரையும் யோர்ட்டா யோர்ட்டா என்கிற பூர்வகுடி மக்களின் நிலம், ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் டுங்கலா. கரையில் கால் வைக்காமலேயே லண்டனில் உட்கார்ந்து ஒரு ஆற்றைத் தூக்கி ஒரு பக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அன்று இரவே இன்னொரு உரிமமும் வாங்கிவிட்டேன். இங்கே வந்து ஆறு வருஷமாகிறது, எல்லாம் பழகிவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொல்கிறேன். ஆனால் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால் மனசு அருவிப் பக்கம்தான் போகிறது. எங்கள் ஆற்றிலும் சண்டை இல்லாமல் இல்லை, 2008இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியபோது எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் சித்தப்பா பரிசல் ஓட்டும்போது எதிர்க்கரைப் பரிசல்காரரிடம் கன்னடத்திலேயே பீடிக்கு நெருப்புக் கேட்பார், இரண்டு பரிசலும் உரசி நின்று சுழலும், நான் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கரைக்கு வந்தால் மீன் வறுக்கிற வாசனை. ஆளுக்கு ஒரு துண்டு வாங்கி, சூடு ஆறுவதற்குள் தின்று முடிப்போம்.